நாய்க்குட்டி, கரண்ட் ஒயர், தவழும் குழந்தை

1/
நாய்க்குட்டியோ பூனைக்குட்டியோ முயலோ வளர்க்கிற வீட்ல ஒரு சார்ஜர் ஒயராவது கடிபட்டிருக்கும். "முந்நூறு ரூபா போச்சு"ன்னு சிரிச்சுட்டு புதுசு வாங்கிடறோம். அந்த முந்நூறு ரூபாய் பத்தி எழுத வரல. அதே வாய் நாளைக்கு ஃபிரிட்ஜ் ஒயரைக் கடிச்சா என்ன ஆகும், அதே தரையில தவழற குழந்தை கடிச்சா என்ன ஆகும், அதைப் பத்தித்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

2/
என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். ஒயரைக் கடிக்கறது பிராணியோட தப்பு கிடையாது. வாய்க்கு எட்டற இடத்துல ஒயரைத் தொங்க விட்டது வீட்டோட குறை. நாயை அடிச்சுத் திருத்தறதுக்கு முன்னாடி வீட்டைத் திருத்தணும். அதுல வீட்டு ஓனருக்கும், வயரிங் பண்ற எலக்ட்ரீஷியனுக்கும், நமக்கும் பங்கு இருக்கு.

3/
நம்ம தருமபுரி மாவட்டத்துக்கு இது புதுப் பாடம் இல்ல. 2023 மார்ச்ல மாரண்டஅள்ளி பக்கத்துல விவசாய நிலத்தைச் சுத்தி சட்டவிரோதமா போட்டிருந்த மின்வேலியில சிக்கி 3 யானைகள் செத்துப் போச்சு. கூட வந்த 2 குட்டிகள் மட்டும் தப்பிச்சுது. அவ்வளவு பெரிய யானைக்கே அந்தக் கம்பியில கரண்ட் இருக்குன்னு தெரியல. ரெண்டு கிலோ நாய்க்குட்டிக்கு எப்படித் தெரியும்?

4/
உலகம் முழுக்க இதே கதைதான். 2013 மார்ச்ல ஜப்பான் புகுஷிமா அணு உலையில ஒரு எலி சுவிட்ச்போர்டுக்குள்ள போய் மின்சாரம் நின்னு, எரிபொருள் குளங்களைக் குளிர்விக்கிற வேலையே தடைபட்டுச்சு. 2015ல வாரணாசியில கங்கைக் கரையோரம் போட்ட இன்டர்நெட் ஃபைபர் கேபிளைக் குரங்குகள் கடிச்சுத் தின்னுச்சு. 2025 பிப்ரவரி 9ஆம் தேதி பாணந்துறை துணை மின்நிலையத்துல ஒரு குரங்கு பட்டதுல இலங்கை முழுக்க இருட்டாச்சு.

5/
அணு உலையிலயே எலியைத் தடுக்க முடியலைன்னா, நம்ம வீட்டு ஹால்ல "அது கடிக்காது, பழகிடுச்சு"ன்னு நம்பறது எவ்வளவு பெரிய நம்பிக்கை! பிராணி கடிக்கத்தான் செய்யும். அதுக்கு ஏத்த மாதிரி நாமதான் ஏற்பாடு பண்ணணும்.

6/
தொப்பூர்ல இருக்கறவங்களுக்கு இன்னொரு விருந்தாளியும் உண்டு. கணவாயில வண்டியை நிறுத்தி பிஸ்கட், வாழைப்பழம் போடறோம். மனுஷன்கிட்ட சோறு கிடைக்கும்னு பழகின குரங்கு ரோட்டோட நிக்காது. ஊருக்குள்ள வரும், மொட்டை மாடிக்கு வரும், டிஷ் ஒயரை இழுக்கும், வெளியில தொங்கற மோட்டார் ஒயரையும் இழுக்கும். தீனி போடறதை நிறுத்தறதும் ஒயர் பாதுகாப்புல ஒரு பகுதின்னே நான் சொல்வேன்.

7/
சரி, ஏன் கடிக்குது? நாய்க்குட்டிக்கு 28 பால் பல். சுமார் 3 மாசத்துலேர்ந்து 7 மாசத்துக்குள்ள அது விழுந்து 42 நிரந்தரப் பல் முளைக்கும். ஈறு அரிக்கும், எதையாவது கடிச்சாத்தான் சுகம். பூனைக்குட்டிக்கும் கிட்டத்தட்ட அதே வயசு. கூடவே அதுக்கு ஆடற கயிறு மாதிரி எது தெரிஞ்சாலும் வேட்டைதான்.

8/
முயலுக்கும் எலிக்கும் முன் பல் ஆயுசு முழுக்க வளர்ந்துகிட்டே இருக்கும். கடிச்சுத் தேய்க்கலைன்னா அதுங்களால சாப்பிடவே முடியாது. அதனால "திட்டினா நிறுத்திடும்"ங்கற பேச்சுக்கே இடமில்லை. பெரிய நாய் கடிக்குதுன்னா பெரும்பாலும் காரணம் சலிப்பு. நாள் முழுக்கக் கட்டிப் போட்ட நாய் வேற என்ன பண்ணும்?

9/
எல்லா ஒயரும் ஒரே ஆபத்து இல்ல. இதைப் புரிஞ்சுக்கங்க. போன் சார்ஜர்ல, சுவத்துல சொருகற தலைக்கு அப்புறம் வர்ற மெல்லிசு ஒயர்ல சாதாரணமா 5 வோல்ட்தான். லேப்டாப்புல அந்தக் கருப்பு டப்பாவுக்கு அப்புறம் சுமார் 19, 20 வோல்ட். இதுல ஷாக் அடிச்சு உயிர் போற வாய்ப்பு ரொம்பக் குறைவு. இங்க பயப்பட வேண்டியது துண்டு துண்டா முழுங்கி குடல் அடைக்கறதுதான்.

10/
ஆனா டப்பாவுக்கும் சுவத்துக்கும் நடுவுல இருக்கற ஒயர்ல 230 வோல்ட். டேபிள் ஃபேன், ஃபிரிட்ஜ், டிவி, வாஷிங் மெஷின், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எல்லாமே 230 வோல்ட். இதுல நான் ரொம்பப் பயப்படறது சீரியல் செட் லைட்டுக்குத்தான். பாக்க நூல் மாதிரி இருக்கும், பல விலை மலிவான செட்டுல உள்ள ஓடறது நேரா வீட்டு கரண்ட். பண்டிகை முடிஞ்சும் கேட்ல, திண்ணையில, தரையோரமா மாசக்கணக்குல தொங்கும்.

11/
எவ்வளவு கரண்ட் பட்டா ஆபத்து? சுமார் 1 மில்லி ஆம்பியர்ல லேசா சுரீர்னு தெரியும். 10 தாண்டினா தசை இறுகி, பிடிச்ச ஒயரை விட முடியாது. இன்னும் கூடினா மூச்சு விடற தசையே இறுகும். 50லேர்ந்து 100 மில்லி ஆம்பியர் நெஞ்சு வழியா ஒரு விநாடி போனாலே இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்னு போகலாம்.

12/
இது எவ்வளவு சின்ன அளவு தெரியுமா? சாமி ரூம்ல அந்தக் காலத்துல எரிஞ்ச "ஜீரோ வாட்" பல்பு ஞாபகம் இருக்கா? பேர்தான் ஜீரோ, எடுக்கறது 15 வாட் வரைக்கும். அதாவது சுமார் 65 மில்லி ஆம்பியர். அந்தப் பல்பு மினுக்குன்னு எரியற கரண்ட் ஒரு உயிரை எடுக்கப் போதும்.

13/
காய்ஞ்ச தோல் கரண்டை ஓரளவு தடுக்கும். வாய் தடுக்காது. எச்சில்ல உப்பு இருக்கு, உள்தோல் மெல்லிசு, ஈரம். அதனாலதான் கையில பிடிச்சதை விட வாயில கடிச்சது மோசம். நாய்க்கும் அப்படித்தான், குழந்தைக்கும் அப்படித்தான். 1 வயசுலேர்ந்து 3 வயசு வரை குழந்தைக்கு உலகத்தைத் தெரிஞ்சுக்கற கருவியே வாய்தானே.

14/
நாய் கடிச்சு மேல் உறை கிழிஞ்ச ஒயர் தரையில கிடக்கு. ஃபேன் ஓடுதேன்னு யாரும் கவனிக்கல. அடுத்து அந்த இடத்துக்கு வர்றது தவழற குழந்தை. அப்படி வாயில வெச்சா உதட்டோட ஓரம், ரெண்டு உதடும் சேர்ற மூலை, கருகிடும். மருத்துவத்துல இது ஒரு தனி வகைக் காயம். பாக்க சின்னதா, சாம்பல் நிறத்துல இருக்கும். குழந்தை ரொம்ப அழக்கூட அழாது, ஏன்னா அங்க நரம்பும் கருகியிருக்கும்.

15/
"சின்னப் புண்தானே"ன்னு வீட்லயே வெச்சுக்கறது இங்கதான் ஆபத்து. சுமார் 5 நாள்லேர்ந்து 2 வாரத்துக்குள்ள அந்தக் கருகின பக்கு உதிரும். உதிரும்போது அடியில இருக்கற உதட்டு ரத்தக்குழாய் திறந்து ரத்தம் பீறிடலாம். அது நடு ராத்திரி தூக்கத்துலயும் நடக்கலாம். அப்படி நடந்தா கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வெச்சு அந்த உதட்டை ரெண்டு பக்கமும் இறுக்கிப் பிடிங்க. பிடியை விடாம ஆஸ்பத்திரிக்கு வாங்க.

16/
ஆறின பிறகும் கதை முடியாது. தழும்பு சுருங்கி வாய் சின்னதாகிடும். சாப்பிட, பேச, பல் மருத்துவம் பாக்க எல்லாத்துக்கும் கஷ்டம். அதைத் தடுக்க மாசக்கணக்குல வாயில ஒரு கருவி மாட்டி வைக்கணும், சில குழந்தைகளுக்கு பிளாஸ்டிக் சர்ஜரி தேவைப்படும். அதனால ஒயரைக் கடிச்ச குழந்தை எவ்வளவு நல்லா விளையாடினாலும் அன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க. பேஸ்ட், மை, மஞ்சள் எதுவும் பூச வேண்டாம்.

17/
நாய்க்கு என்ன ஆகும்? நான் மனுஷ டாக்டர், கால்நடை மருத்துவர் இல்ல. ஆனா இதைத் தெரிஞ்சு வெச்சுக்கங்க. ஷாக் அடிச்ச நாயும் பூனையும் எழுந்து நடந்துடும், "தப்பிச்சுடுச்சு"ன்னு நினைப்போம். சில மணி நேரம் கழிச்சு, சில சமயம் ஒரு நாள் கழிச்சு, நுரையீரல்ல நீர் கோத்து மூச்சு இரைக்க ஆரம்பிக்கும். வாயில புண், எச்சில் வடியறது, சாப்பிட மறுக்கறது, இருமல் இதெல்லாம் அறிகுறி. காத்திருக்காம கால்நடை மருத்துவமனைக்கு கூட்டிட்டுப் போங்க. வழி தெரியலைன்னா 1962க்கு அடிச்சுக் கேளுங்க.

18/
இப்ப மிக முக்கியமானது. நாய் ஒயரோட துடிச்சுகிட்டிருக்கு. உங்க கை தானா அதைத் தூக்கப் போகும். தூக்காதீங்க. முதல்ல மெயினை ஆஃப் பண்ணுங்க. இன்வெர்ட்டர் இருந்தா அதையும் ஆஃப் பண்ணுங்க. மெயின் எட்டலைன்னா, காய்ஞ்ச தரையில செருப்போட நின்னு காய்ஞ்ச மரக்கட்டையோ பிளாஸ்டிக் நாற்காலியோ வெச்சு ஒயரைத் தள்ளுங்க. நாய் ஒண்ணுக்குப் போயிருக்கும், அந்த ஈரத்துல கால் வைக்காதீங்க. ஆசையா வளர்த்ததைக் காப்பாத்தப் போய் உங்க உயிரைக் கொடுக்காதீங்க.

19/
மனுஷங்களுக்கு ஆகி, மூச்சும் அசைவும் இல்லைன்னா, கரண்ட் துண்டிச்ச அடுத்த நொடி 108க்கு ஒருத்தர் போன் பண்ணணும், இன்னொருத்தர் நெஞ்சு நடுவுல அழுத்த ஆரம்பிக்கணும். நிமிஷத்துக்கு 100லேர்ந்து 120 தடவை. அப்புறம், வலியில இருக்கற நாய் வளர்த்தவங்களையே கடிக்கும். கடிச்சா 15 நிமிஷம் சோப்பு போட்டு ஓடற தண்ணியில கழுவிட்டு வெறிநாய்க்கடி ஊசிக்கு வந்துடுங்க.

20/
தடுக்கறதுக்கு வருவோம். வரிசை முக்கியம். முதல் வேலை, எடுத்துடறது. தேவையில்லாத ஒயரைப் பிளக்கோட உருவி உயரத்துல வைங்க. சுவிட்சை மட்டும் அணைச்சா போதுமான்னா, போதாது. வயரிங்ல லைனும் நியூட்ரலும் மாறியிருந்தா, சுவிட்ச் ஆஃப்ல இருந்தாலும் ஒயர்ல கரண்ட் இருக்கும். உருவறதுதான் உறுதி.

21/
ரெண்டாவது, மறைக்கறது. எலக்ட்ரிக்கல் கடையில பிவிசி கேசிங் பட்டி கிடைக்கும், சுவத்தோரமா அடிச்சு ஒயரை உள்ள போடலாம். நகர்த்தற சாமானுக்கு வளையற ஃபிளெக்சிபிள் பைப். அதுவும் வாங்க முடியலைன்னா பழைய ஹோஸ் பைப்பை நீளவாக்குல கீறி ஒயரை உள்ள விட்டுடுங்க. எக்ஸ்டென்ஷன் பாக்ஸை தரையில போடாம மேசைக் காலுக்கு மேல திருகி மாட்டுங்க. பாய்க்கு அடியில ஒயரை ஓட்டாதீங்க, மிதிபட்டு சூடாகி எரியும்.

22/
மூணாவது, கடிக்க வேற ஏதாவது கொடுக்கறது. கெட்டி ரப்பர் பொம்மை, நனைச்சு ஃபிரீசர்ல வெச்ச துணி, முயலுக்கு வைக்கோலும் மரக்குச்சியும். பழைய செருப்பைக் கொடுத்துப் பழக்கிட்டு புதுச் செருப்பைக் கடிக்குதேன்னு கோபப்படாதீங்க. தினமும் காலையும் சாயங்காலமும் அரை மணி நேரம் நடக்கக் கூட்டிட்டுப் போங்க. ஓடி ஆடிக் களைச்ச குட்டி ஒயரைத் தேடாது, தூங்கும்.

23/
கடைசியாத்தான் கசப்பு. கடையில விக்கற கசப்பு ஸ்பிரேல பெரும்பாலும் டெனடோனியம் பென்சோயேட் இருக்கும். 1958ல ஸ்காட்லாந்துல ஒரு நிறுவனம் மரத்துப்போற மருந்து தேடும்போது கிடைச்ச பொருள், உலகத்துலயே ரொம்பக் கசப்பானதுன்னு பேர். பிளக்கை உருவிட்டு, துணியில நனைச்சு ஒயர்ல தடவி, காய விடுங்க. சில நாய் அதையும் ருசிச்சு நக்கும், நாளாக நாளாக கசப்பும் போயிடும். இதை மட்டும் நம்பி இருக்காதீங்க.

24/
செய்யக் கூடாதது சிலது இருக்கு. மிளகாய்த் தூள் தடவாதீங்க, அது குழந்தையோட கண்ணுக்குத்தான் போகும். அந்துருண்டை போடாதீங்க, நாய்க்கு நஞ்சு, ஜி6பிடி குறைபாடு இருக்கற குழந்தைக்கு ரத்த அணுவை உடைக்கும். யூகலிப்டஸ் எண்ணெய் பூனைக்கு ஆகாது. எலி கடிக்குதுன்னு எலி பேஸ்ட் வைக்கவே வைக்காதீங்க, அதுல இருக்கற மஞ்சள் பாஸ்பரஸ் கல்லீரலை அழிச்சு உயிரை எடுக்கும். அலுமினியத் தாளைச் சுத்தாதீங்க, அதுலயும் கரண்ட் பாயும்.

25/
கடிபட்ட 230 வோல்ட் ஒயருக்கு இன்சுலேஷன் டேப் சுத்தற பழக்கத்தையும் விடுங்க. டேப் பிசுபிசுன்னு இருக்கும், குட்டி திரும்ப வந்து அதே இடத்தைத்தான் உரிக்கும். முழு ஒயரையும் மாத்துங்க. பவர் பேங்க், பழைய போன் இதெல்லாம் கூட கடிக்க எட்டற இடத்துல வேண்டாம். 2024ல அமெரிக்காவுல துல்சா நகரத்துல ஒரு நாய் லித்தியம் பேட்டரியைக் கடிச்சு வீடு தீப்பிடிச்ச வீடியோவை அந்த ஊர் தீயணைப்புத் துறையே வெளியிட்டாங்க.

26/
இப்ப நான் உண்மையில சண்டை போட நினைக்கற விஷயம். ஆர்சிசிபி. "எங்க வீட்ல டிரிப்பர் இருக்கு டாக்டர்"னு சொல்வீங்க. பெரும்பாலும் அது எம்சிபி. எம்சிபி காப்பாத்தறது ஒயரை, உங்களை இல்ல. 6 ஆம்பியர் எம்சிபின்னா 6000 மில்லி ஆம்பியர் தாண்டினாத்தான் விழும். உயிர் போக 50, 100 போதும்னு மேல பார்த்தோம். ஆர்சிசிபி, போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் சமமான்னு பாத்துகிட்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வேற வழியா கசிஞ்சா, ஒரு விநாடியில மூணுல ஒரு பங்குக்குள்ள லைனை வெட்டிடும்.

27/
ஆனா அதுக்கும் எல்லை உண்டு, மறைக்காம சொல்லணும். லைன், நியூட்ரல் ரெண்டு கம்பியையும் சேர்த்து ஒரே கடியில கடிச்சா, கரண்ட் வாய் வழியாவே போய்த் திரும்பிடும். பூமிக்குக் கசியாததால ஆர்சிசிபி விழாம போகலாம். குழந்தைகளோட உதட்டுக் காயம் பல சமயம் இந்த வகைதான். பல வீட்ல இன்வெர்ட்டர் லைன் ஆர்சிசிபி வழியா போறதே இல்ல. "கரண்ட் போயிருக்கு, பயமில்லை"ன்னு நினைக்கற நேரத்துலயும் அந்த ஒயர்ல 230 வோல்ட் இருக்கும். அதனால ஒயரை மறைக்கறது முதல் காவல், ஆர்சிசிபி ரெண்டாவது காவல். ரெண்டும் வேணும்.

28/
மத்திய மின்சார ஆணையத்தோட 2010 பாதுகாப்பு விதிமுறையிலயே மின்கசிவைத் தடுக்கற சாதனம் பத்தி இருந்துச்சு. ஆனா பழைய வீட்டுல, லைன் வீட்டுல, வாடகை வீட்டுல யார் போய்ப் பாக்கறாங்க? "வாடகைக்கு இருக்கறவர் வேணும்னா மாட்டிக்கட்டும்"னு ஓனர். "நம்ம வீடா, எதுக்குச் செலவு"ன்னு குடியிருக்கறவர். நடுவுல குழந்தை தவழுது. பல மாசத்து வாடகையை அட்வான்ஸா வாங்கற ஓனர் சில ஆயிரம் ரூபாய்க்கு இதை மாட்டித் தரணும்கறது என் கருத்து. பெயின்ட் அடிச்சுக் கொடுக்கறதை விட இது முதல் கடமை.

29/
"எங்க தாத்தா காலத்துல இதெல்லாம் இல்லையே, நாய் வளர்க்கலையா?"ன்னு கேப்பீங்க. வளர்த்தாங்க. நாய் வாசல்ல இருந்துச்சு, வீட்ல ரெண்டு பல்பும் ஒரு ரேடியோவும் இருந்துச்சு. இப்ப நாய் சோபாவுல படுத்திருக்கு, சோபாவைச் சுத்தி ஆறு ஒயர் போகுது. வாழ்க்கை மாறிடுச்சு, வயரிங் மாறல.

30/
"செலவு பண்ண வசதி இல்லை"ங்கறவங்களுக்கு ஒரு விஷயம். இதுல பாதி வேலைக்குக் காசே வேண்டாம். பிளக்கை உருவறதுக்கும், சீரியல் செட்டைக் கழட்டறதுக்கும், நாயை நடக்கக் கூட்டிட்டுப் போறதுக்கும் என்ன செலவு? அடுத்த மாசம் கையில கொஞ்சம் காசு சேர்ந்தா கேசிங் பட்டி. அதுக்கு அடுத்து ஆர்சிசிபி. ஒரே நாள்ல எல்லாம் பண்ணச் சொல்லல, வரிசையா பண்ணச் சொல்றேன்.

31/
இன்னைக்கு ராத்திரி ஒரு வேலை பண்ணுங்க. ஹால்ல தரையில உக்காந்து, குழந்தை தவழற உயரத்துக்குக் குனிஞ்சு ஒரு சுத்து பாருங்க. எந்த ஒயர் கண்ணுக்குத் தெரியுதோ அதுதான் குட்டிக்கும் தெரியும். கடி தடம் இருந்தா உடனே உருவிடுங்க. மெயின் பாக்ஸைத் திறந்து 'டி'ன்னு ஒரு பட்டன் இருக்கான்னு பாருங்க. இருந்தா ஒரு தடவை அமுக்குங்க. லைன் விழுந்தா ஆர்சிசிபி வேலை செய்யுது. விழலைன்னாலோ, பட்டனே இல்லைன்னாலோ, நாளைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.

32/
நாய் வளர்க்கறவங்களுக்கு அனுப்புங்க. கைக்குழந்தை இருக்கற வீட்டுக்கு அனுப்புங்க. உங்க வீட்டு ஓனருக்கும் மறக்காம அனுப்புங்க. சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்.